காலி எண்களை என்ன செய்வது?

எங்கள் கணினி அறிவியல் துறையின் தொழில்நுட்ப அறிக்கைப் (ஆய்விதழுக்குப் போகாமல் துறையே எண் கொடுத்து வெளியிடும் ஆய்வு ஆவணங்கள்) பட்டியலைப் புதிய இணையக் களஞ்சியத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியபோது, குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. பட்டியலில் ஆங்காங்கே எண்கள் விடுபட்டிருந்தன. ஓர் ஆண்டில் 11-க்குப் பிறகு 13 வரும். இன்னோர் ஆண்டில் 4-லிருந்து நேராக 7-க்குத் தாவும். எப்படியும் எல்லாவற்றையும் மறுபடி பதிவேற்றப் போகிறோம், அப்போதே வரிசையாகப் புதிய எண் போட்டு இந்த ஓட்டைகளை அடைத்துவிடலாம் என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விடுபட்ட எண் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கவனக்குறைவாகத்தான் தெரியும். மதிப்பீட்டுக்கு வரும் குழு முதலில் கேட்பதும் அதைத்தான். ஆனாலும் அது கூடாது என்று எனக்குப் பட்டது. ஏற்கெனவே அந்த எண்களை வெளியில் மேற்கோள் காட்டியிருப்பார்களே என்று சொன்னேன். "இல்லாத அறிக்கையை யார் சார் மேற்கோள் காட்டப் போகிறார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. அறிக்கைகளை வாங்கி, எண் கொடுத்து, அடுக்கி வைப்பது துறை அலுவலகத்தின் எழுத்தர் வேலை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆய்விதழ் கட்டுரைக்குப் பதிப்பாளர் இருக்கிறார், மதிப்பாய்வாளர் இருக்கிறார், நிரந்தர அடையாள எண் இருக்கிறது. துறை அறிக்கைக்கு இவை எதுவும் கிடையாது; அதற்கு உள்ள ஒரே ஆதாரம் துறையின் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரிதான். அந்த வரியை மாற்றினால் அந்த அறிக்கையின் வரலாற்றை மாற்றியதாகும். இதை நான் அப்போது உணர்ந்திருந்தேனே தவிர, எடுத்துச் சொல்லத் தக்க ஒரு சான்று கையில் இல்லை.

எண் எப்போது பிறக்கிறது

இல்லாத அறிக்கைக்கு எண் எப்படி வருகிறது என்பதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். கருத்தரங்கக் கட்டுரைகளுக்குப் பக்க வரம்பு உண்டு. பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் முழு நிரூபணத்தையும் அடக்க முடியாதபோது, "விரிவான நிரூபணத்துக்குத் தொழில்நுட்ப அறிக்கையைப் பார்க்கவும்" என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு நகர்வது கணினி அறிவியலில் நெடுங்கால வழக்கம். அடிக்குறிப்பில் எண் வேண்டும். ஆகவே கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று ஆசிரியர் துறை அலுவலகத்துக்கு வந்து ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு போகிறார். அறிக்கையை அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார். கட்டுரை நிராகரிக்கப்பட்டால் அந்த அறிக்கை எழுதப்படாமலேயே போகலாம். ஏற்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்: அடிக்குறிப்பு அச்சாகிவிடும், எண் உலகம் முழுக்கப் போய்விடும், அறிக்கை மட்டும் வராது. அதற்குள் ஆசிரியர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். முனைவர் பட்ட மாணவராக இருந்தால் ஊரையே விட்டுப் போயிருப்பார்.

இதைத் தவிர்க்க, கோப்பு கைக்கு வந்த பிறகே எண் தருவோம் என்று கறாராக இருக்கும் துறைகள் உண்டு. கொள்கையளவில் அதுதான் சரி. நடைமுறையில் அது வேறொரு தொல்லையைக் கொண்டுவருகிறது. எண் கிடைக்காத ஆசிரியர் "அறிக்கை, தயாரிப்பில்" என்று எண்ணே இல்லாமல் அச்சிட்டுவிடுவார். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக் நிரலில் தொழில்நுட்ப அறிக்கைக்கான பதிவு வகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆசிரியர், தலைப்பு, நிறுவனம், ஆண்டு ஆகிய நான்கும் கட்டாயம், அறிக்கை எண் விருப்பத்துக்குரியது. அதனால் எண் இல்லாத மேற்கோள்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அச்சேறுகின்றன. பிறகு யாராவது அந்த அறிக்கையைத் தேடும்போது, இறுதி வடிவத்தில் தலைப்பும் மாறியிருந்தால், இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒரு பிடியும் கிடைக்காது. இரண்டு தொல்லைகளில் எனக்கு முதலாவது மேல். எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கொடுத்ததை எழுதிவைத்து, வராததைத் துரத்தலாம். எண்ணே வாங்காமல் போனவரைத் துரத்த வழியில்லை.

12-ஆம் எண்ணைத் தேடி

அடுத்த கூட்டத்துக்கு முன்பாகவே பதில் வந்து சேர்ந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஒருவர் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பழைய கருத்தரங்கக் கட்டுரை ஒன்றில் துணைத்தேற்றம் ஒன்றின் நிரூபணத்துக்கு எங்கள் துறையின் அறிக்கை, எண் 12 என்று அடிக்குறிப்பு இருக்கிறது. அந்தத் துணைத்தேற்றத்தின் மேல்தான் தன் ஆய்வின் ஓர் அத்தியாயமே நிற்கிறது. அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். எங்கள் எக்செல் பட்டியலில் அந்த ஆண்டில் 11-க்குப் பிறகு 13. கூட்டத்தில் பேசப்பட்ட அதே ஓட்டை.

எக்செலுக்கு முந்தைய காலத்துப் பதிவேடு அலுவலக அலமாரியில், பழைய கொள்முதல் கோப்புகளுக்கு அடியில் இருந்தது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. பக்கத்தின் குறுக்கே கையால் கோடு போட்டுக் கட்டங்கள்: எண், தேதி, தலைப்பு, ஆசிரியர்கள், பக்கங்கள், எடுத்த படிகள், கடைசியாகக் குறிப்பு. 12-ஆம் வரியில் தேதி, தலைப்பு, இரண்டு ஆசிரியர்களின் பெயர்கள் ஆகியவை நீல மையில் இருந்தன. பக்கங்கள், படிகள் இரண்டிலும் சிறு கோடு. குறிப்புக் கட்டத்தில் பென்சிலால், கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து ஏறிய எழுத்தில், "நிரூபணத்தில் இடைவெளி. ஆசிரியர் நிறுத்தச் சொன்னார். 19 பார்க்க" என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்து, பிறகு ஓய்வு பெற்றுவிட்ட அம்மையாரின் கையெழுத்து அது என்று இப்போதைய உதவியாளர் பார்த்ததும் சொன்னார்.

19-ஆம் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். தலைப்பு வேறு. ஆனால் உள்ளே, மூன்றாம் பகுதியில், அதே துணைத்தேற்றம் கூடுதலாக ஒரு நிபந்தனையுடன் இருந்தது; அந்த நிபந்தனையின் கீழ் நிரூபணம் முழுமையாகத் தரப்பட்டிருந்தது. அதாவது கருத்தரங்கக் கட்டுரையில் அச்சான வடிவத்தில் அந்தத் துணைத்தேற்றம் ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. அந்த மாணவருக்குத் தேவைப்பட்ட செய்தி இதுதான். அது பென்சிலில் எழுதிய மூன்று சிறு வாக்கியங்களில் இருந்தது. பதிவேட்டை எக்செலுக்கு ஏற்றியவர்கள், பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறதே என்று குறிப்புக் கட்டத்தையே விட்டுவிட்டிருந்தார்கள். கோப்பு இல்லாத வரிகளும் அதனோடு போயிருந்தன.

இப்போது அந்தப் பேராசிரியரின் யோசனையை நிறைவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 13-ஆம் அறிக்கை 12 ஆகியிருக்கும். அதுவும் அதே ஆய்வுக் குழுவின் அறிக்கைதான். துறையும் ஒன்று, ஆண்டும் ஒன்று, ஆசிரியர்களில் ஒருவரும் பொது. அந்த மாணவர் எங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டார். களஞ்சியத்திலிருந்து நேராக இறக்கி, தேடியது அதில் எங்கும் இல்லாததைக் கண்டு குழம்பி, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்திருப்பார். ஓட்டை இருந்ததால் கேட்டார். ஓட்டையை அடைத்திருந்தால் தவறான பதிலை நாங்களே அவர் கையில் கொடுத்திருப்போம்.

நிலையை எழுதுவது

இதன் பிறகு எண் மறுசீரமைப்புப் பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி எழுந்தது: ஓர் அறிக்கையைப் பற்றி எதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்? எங்கள் பட்டியல் அறிக்கைகளின் பட்டியலாக இருந்தது. வேண்டியது எண்களின் பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன நேர்ந்தது என்பதை அது சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்டது, கோப்பு வந்தது, வெளியானது, திருத்தப்பட்டது, வேறொன்றோடு இணைக்கப்பட்டது, கைவிடப்பட்டது என்ற நிலைகளில் எண் எதில் நிற்கிறது, அந்த நிலைக்கு எந்தத் தேதியில் வந்தது, யார் சொல்லி வந்தது. பழைய நிலையை அழித்துப் புதியதை எழுதக் கூடாது. கீழே அடுத்த வரியாகச் சேர்க்க வேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கணினித் துறைகள் தங்கள் அறிக்கைகளின் நூற்பட்டியலைப் பரிமாறிக்கொள்ள இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1995-ல் வெளியான ஆர்எஃப்சி 1807 என்ற வடிவத்திலேயே இதற்கான விதைகள் இருந்தன. அறிக்கையின் தேதி ஒரு புலம், அந்தப் பதிவு உருவான தேதி வேறொரு புலம். பதிவு திருத்தப்பட்டால் அதைச் சொல்ல ஒன்று. அறிக்கை திரும்பப் பெறப்பட்டால் அதைச் சொல்ல இன்னொன்று. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) களஞ்சியமும் இதே வழியில்தான் நடக்கிறது: ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அதற்கான அறிவிப்பு அடுத்த பதிப்பாகச் சேருமே தவிர, முந்தைய பதிப்புகள் அங்கேயே இருக்கும். இவ்வளவு தெளிவாக ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைப் பல துறைகள் எக்செலுக்குள் வந்ததும் ஏன் கைவிட்டன என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அட்டவணைக்கு அழகாக நிரம்பிய கட்டங்கள்தான் பிடிக்கும் போலும்.

தேதி என்பது தனிக் கதை. தேடுபொறிகளின் வரலாற்றில் பெயர் பெற்ற, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் ஆய்வு ஸ்டான்ஃபோர்டின் தொழில்நுட்ப அறிக்கையாகத்தான் அறியப்படுகிறது. அறிக்கையின் முகப்பில் இருக்கும் தேதி 1998 ஜனவரி 29. களஞ்சியத்தில் அதன் எண் 1999-66. ஆகவே அதை மேற்கோள் காட்டுவோரில் ஒரு சாரார் 1998 என்றும் மற்றவர்கள் 1999 என்றும் எழுதுகிறார்கள். இரு சாரார் கையிலும் ஆதாரம் இருக்கிறது. பல கணினிகள் ஒரே முடிவுக்கு வர உதவும் பாக்ஸோஸ் நெறிமுறையைக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் விவரித்த கட்டுரை 1989-ல் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் 49-ஆம் அறிக்கையாக வந்தது. ஆய்விதழில் அச்சானது 1998-ல். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தச் சிந்தனை பொதுவெளியில் இருந்தது என்பதற்கு அந்த அறிக்கை எண்ணும் தேதியும்தான் சாட்சி. டிஜிட்டல் நிறுவனம் பின்னர் காம்பேக்கிடம் போய், அதுவும் ஹெச்பியோடு சேர்ந்துவிட்டது. இணைய முகவரிகள் இடம் மாறின, எண் மாறவில்லை.

வெளியானது என்றால் என்ன

எழுதி முடித்த தேதி, எண் கொடுத்த தேதி, வெளியார் கண்ணில் பட்ட தேதி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதலிரண்டையும் எல்லாரும் எழுதிவைக்கிறார்கள். மூன்றாவதுதான் சட்டத்தின் முன் எடுபடும். ஒரு கண்டுபிடிப்பு முன்பே பொதுவெளியில் வெளியாகியிருந்தால் பொதுவாக அதற்குக் காப்புரிமை கிடைக்காது; அமெரிக்கக் காப்புரிமை வழக்குகளில் இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 1986-ல் தீர்ப்பான ஹால் வழக்கில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஒரே ஓர் ஆய்வேடு முன்னதாகவே வெளியான ஆவணமாக ஏற்கப்பட்டது. அது எந்த நாளில் அட்டவணையில் ஏறியது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. நூலகத்தின் வழக்கமான நடைமுறை இன்னது என்று நூலகர் கொடுத்த வாக்குமூலம் போதுமானதாக இருந்தது. 1989-ல் வந்த குரோனின் வழக்கில் நிலைமை தலைகீழ். ரீட் கல்லூரியின் இளங்கலை மாணவர்கள் எழுதிய மூன்று ஆய்வேடுகள் கல்லூரியில் பத்திரமாக இருந்தன. வேதியியல் துறையில் அவற்றுக்கான அட்டைகளும் இருந்தன, ஒரு காலணிப் பெட்டிக்குள். ஆனால் அட்டைகள் மாணவர் பெயரின் அகரவரிசையில் மட்டுமே அடுக்கப்பட்டிருந்தன. எழுதியவரின் பெயருக்கும் ஆய்வுப் பொருளுக்கும் தொடர்பில்லை, பொருளைத் தேடிவரும் ஒருவருக்கு அவை கிடைக்காது, ஆகவே அவை பொதுவெளியில் வெளியானவை அல்ல என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

துறை அறிக்கைகளைக் கையாளும் ஒவ்வொருவரும் இந்த இரு தீர்ப்புகளையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அறிக்கை அலமாரியில் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. பொருளைக் கொண்டு தேடுபவர் அதை அடைய முடியுமா என்பதுதான் கேள்வி. சர்வரின் ஏதோ ஓர் அடைவில், ஆசிரியரின் குடும்பப் பெயரும் ஆண்டும் மட்டும் கோப்புப் பெயராக, தேடுபொறிக்குத் தடை போட்ட பக்கத்தில் கிடக்கும் பிடிஎஃப்புக்கும் காலணிப் பெட்டி அட்டைக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுருக்கமும் திறவுச்சொற்களும் இல்லாமல் வரும் கோப்பைப் பதிவேற்றுவதில்லை என்று நாங்கள் விதி செய்ததற்கு இதுவே காரணம். சில ஆசிரியர்களுக்கு எரிச்சல்தான். சுருக்கம் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். முதல் பக்கம் வருடிய (ஸ்கேன் செய்த) படமாக இருந்தால் அதில் இருப்பது எழுத்தல்ல, கறுப்புப் புள்ளிகள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியிருந்தது.

எண்ணின் வடிவம் பற்றியும் நீண்ட சர்ச்சை நடந்தது. ஆய்வுக் குழுவின் பெயரை எண்ணுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. அதை நான் விடாப்பிடியாக எதிர்த்தேன். குழுக்கள் பெயர் மாறும், கலையும், இணையும். எண்ணுக்குள் புதைந்த பெயர் மட்டும் அப்படியே நின்று, வாசிப்பவரைத் தவறான கதவைத் தட்ட வைக்கும். ஆர்க்கைவ் 2007 ஏப்ரலுக்கு முன்பு வரை பாடப்பிரிவின் பெயரையும் மாதத்துக்கு மூன்றிலக்க வரிசையையும் சேர்த்தே அடையாளம் கொடுத்து வந்தது. பிறகு பிரிவின் பெயரை எடுத்துவிட்டு, ஆண்டு, மாதம், நான்கிலக்க வரிசை என்று ஆக்கியது. 2015 ஜனவரியில் நான்கும் போதாமல் ஐந்தாக்கியது. இத்தனைக்கும் பழைய எண்கள் ஒன்றையும் அது மாற்றவில்லை. ஆண்டும் தொடரெண்ணும் போதும் என்பது என் கட்சி. இலக்கத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

துரத்துவது

மென்பொருள் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது ஆட்களிடம் கேட்பது. எண் வாங்கிக் கோப்பு தராதவருக்குத் தானியங்கி நினைவூட்டல் போகும். யாரும் அதைப் படிப்பதில்லை. அலுவலக உதவியாளர் நேரில் பார்த்து, "சார், அந்த அறிக்கை என்ன ஆச்சு?" என்று கேட்டால் அன்று மாலையே வந்துவிடும், அல்லது அது வரப்போவதில்லை என்ற உண்மையாவது வெளியில் வரும். இரண்டும் பதிவேட்டுக்கு ஒன்றுதான். கேட்பதற்குச் சரியான நேரமும் உண்டு: மாணவர் துறையை விட்டுப் போகும் முன் கையொப்பம் வாங்கவரும் நாள். நூலகத்துக்குப் புத்தகம் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குவது போல, எண் பாக்கி இல்லை என்றும் எழுதி வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். மூலக் கோப்பையும் படங்களையும் அப்போதே வாங்கிவைத்துவிட வேண்டும். பிறகு கேட்டால் பழைய மடிக்கணினியில் இருந்தது என்ற பதில்தான் கிடைக்கும்.

12-ஆம் எண்ணின் ஆசிரியர்களில் ஒருவரை எழுதிக் கேட்டோம். பென்சில் குறிப்பைப் பொதுவில் காட்டலாமா என்பதில் எங்களுக்குள் தயக்கம் இருந்தது. உள் அலுவலகத்துக்காக எழுதியதை அவருக்குத் தெரியாமல் வெளியிடுவது முறையல்ல. அவர் பெருந்தன்மையாக, இடைவெளி எங்கே என்று விளக்கி ஒரு பக்கக் குறிப்பே எழுதி அனுப்பிவிட்டார். அதை 12-ஆம் எண்ணிலேயே வைத்துவிடலாம் என்று மறுபடியும் ஒரு குரல் எழுந்தது. இன்று எழுதிய தாளைப் பழைய ஆண்டின் எண்ணில் வைத்தால், அது அன்றே இருந்தது போலத் தோன்றும். ஆகவே அதற்கு நடப்பு ஆண்டின் எண்ணைக் கொடுத்து, 12-ஆம் வரியிலிருந்து 19-க்கும் இதற்கும் சுட்டு வைத்தோம்.

மற்ற ஓட்டைகளில் சிலவற்றுக்குப் பதிவேட்டில் விடை கிடைத்தது. சிலவற்றுக்கு எண்ணும் தேதியும் தவிர ஒரு சொல்லும் இல்லை, கேட்கவும் ஆளில்லை. அவற்றுக்கு "தெரியவில்லை" என்ற நிலையைப் போட முயன்றபோது களஞ்சிய மென்பொருள் ஏற்க மறுத்தது. நிலைக்கான பட்டியலில் அப்படி ஒரு தேர்வே கிடையாதாம். பலமுறை எழுதிய பிறகு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வந்து நிற்கும் நிலை இன்னமும் "வெளியானது" என்றே இருக்கிறது. அடுத்த தொகுதியைப் பதிவேற்றும் முன் அதை மாற்றியாக வேண்டும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.